சேற்றுக்குள்ள 294 டன்: போட்டாதாங் ஆற்றில் குதிக்கலாமா?



சோனார் எபிசோட் வெளியான கையோட டொரான்டோவிலிருந்து ஒரு மெயில் வந்தது. நாலு பேர் சேர்ந்து எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் இருபத்தி சொச்சம் வயசு, எல்லார்கிட்டயும் டைவிங் சான்றிதழ் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை அமெரிக்காவின் தென் கரோலினாவுக்குப் போய், கூப்பர் ஆற்றின் கறுத்த தண்ணியில மெகலோடான் சுறாவின் பல் தேடுறது இவங்க பழக்கம். அதுல ஒருத்தரோட பாட்டி யாங்கூன்ல பிறந்தவங்க. அவங்க கேட்டது இதுதான்: "அதே குழு, அதே முறை. போட்டாதாங் பக்கம் ஆற்றடியில கிடக்கிற தம்மசேதி மணியைத் தேடிப் பார்த்தா என்ன?"

பாட்காஸ்ட்ல ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டுப் போற விஷயம் இல்ல இது. இதுல ஒருத்தர் உயிர் போகலாம். அதனால இந்த வாரக் கடிதம் முழுக்க அந்தக் கேள்விக்கே.

எந்த மணி?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. தம்மசேதி, 1471 முதல் 1492 வரை பெகுவை ஆண்ட மோன் அரசர். 1484இல் ஒரு மாபெரும் மணியை வார்த்து ஷ்வேடகோன் பகோடாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். செம்பு, வெள்ளீயம், கூடவே தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகம். எடை 1,80,000 விஸ் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஒரு விஸ் கிட்டத்தட்ட 1.63 கிலோ. பெருக்கிப் பார்த்தா சுமார் 294 டன்.

1583இல் காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகரத்து ரத்தின வியாபாரி ஷ்வேடகோனுக்கு வந்து இந்த மணியைப் பார்த்தார். காலடியாலும் கையாலும் அளந்து குறிப்பு எழுதினார். மேலிருந்து கீழ் வரைக்கும் எழுத்து நெருக்கமாகப் பொறிக்கப்பட்டிருந்தது என்றும், அந்த ஊர்க்காரர்களால்கூட அதைப் படித்துச் சொல்ல முடியவில்லை என்றும் எழுதி வைத்தார்.

அடுத்து வந்தவர் ஃபிலிப் டி பிரிட்டோ. போர்ச்சுகீசியர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியத்தில், இன்றைய தன்லினில், கோட்டை கட்டி உட்கார்ந்தவர். 1608இல் மணியை இறக்கி, குன்றிலிருந்து உருட்டி, யானைகளை வைத்து இழுத்து, பசுண்டாங் ஓடையில் ஒரு தெப்பத்தின் மேல் ஏற்றினார். தெப்பத்தைத் தன் கப்பலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மணியை உருக்கிப் பீரங்கி செய்வது அவர் திட்டம். ஓடையும் பாகோ ஆறும் யாங்கூன் ஆறும் ஒன்று சேரும் இடத்தில் தெப்பம் உடைந்தது. மணி மூழ்கியது, கப்பலையும் இழுத்துக்கொண்டு போனது என்பது வழிவழியாக வரும் கதை. அந்த முனைக்கு இன்றைய பெயர் மங்கி பாயிண்ட். போட்டாதாங் பகுதியின் கிழக்குக் கோடி. ஐந்து வருஷம் கழித்து, 1613இல், பர்மிய அரசர் அனவுக்பெட்லுன் சிரியத்தைப் பிடித்து டி பிரிட்டோவைக் கழுவேற்றினார். மணி மட்டும் இன்னும் மேலே வரவில்லை.

"போட்டாதாங்" என்றால் ஆயிரம் படைத்தலைவர்கள் என்று பொருள். இந்தியாவிலிருந்து கடல் வழியாக வந்த புத்தரின் தலைமுடியை வரவேற்க ஆயிரம் பேர் நின்ற கரை என்பது ஐதீகம். 1943 நவம்பரில் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அங்கிருந்த பழைய பகோடா இடிந்தது. இப்போது இருப்பது போருக்குப் பின் கட்டியது. உள்ளே கூடாக, நடந்து பார்க்கிற மாதிரி இருக்கும். வாசலில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் படகுத்துறை. அங்கே நின்று தண்ணியைப் பார்த்தீங்கன்னா, பால் ஜாஸ்தியா ஊத்தின டீ மாதிரி இருக்கும். ஒரு ஜாண் ஆழத்தில் உங்க கை உங்களுக்கே தெரியாது. துறைப் பக்கத்து டீக்கடையில் தமிழ் பேசும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, அந்த மணி நிஜமாவே கீழ இருக்கா?" என்று கேட்டேன். "இருக்குன்னு எங்கப்பா சொன்னார் தம்பி. நான் பார்த்தது சேறு மட்டும்தான்" என்றார்.

கூப்பர் ஆறு வேற, இந்த ஆறு வேற

டொரான்டோ குழுவின் அனுபவத்தை நான் குறைச்சுச் சொல்லல. கூப்பர் ஆற்றுல இறங்குறது லேசான வேலை இல்ல. மக்கிய இலைகளின் சாறு கலந்து தண்ணி கறுப்பா இருக்கும். வெளிச்சம் சில அடி இறங்கினதும் செத்துடும். கையில் விளக்கு, இடுப்பில் வழக்கத்தை விட அதிக ஈயம், நீரோட்டம் இழுக்காமல் இருக்க அடியில் குத்திப் பிடிக்க ஒரு இரும்புக் குச்சி. சரளைக் கல் படுகையில் தவழ்ந்து போய்க் கையால் துழாவணும். சுமார் 36 லட்சம் வருஷத்துக்கு முன் அழிந்துபோன சுறாவின் பல் உள்ளங்கை அகலத்துக்குக் கிடைக்கும்.

ஆனா அங்கே மூணு விஷயம் உங்களுக்குச் சாதகம். முதலாவது, தேடுற பொருள் மேலேயே கிடக்கு. ஆறு மண்ணை அரிச்சுக்கொண்டு போக, கனமான பல்லும் எலும்பும் சரளையோடு தங்கிடுது. தோண்ட வேண்டாம். ரெண்டாவது, கிடைக்காவிட்டாலும் நஷ்டம் இல்ல. ஒரு பல் இல்லன்னா இன்னொரு பல். மூணாவது, சட்டம் தெளிவா இருக்கு. தென் கரோலினாவில் பொழுதுபோக்கு டைவர்களுக்குன்னே ஒரு லைசென்ஸ் வெச்சிருக்காங்க. அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் நிறுவனம் அதைக் கவனிக்குது. எடுத்ததை எழுதிக் கணக்குக் கொடுக்கணும். அறிவியலுக்கும் தகவல் போகுது, உங்க வீட்டு அலமாரிக்கும் பல் போகுது.

போட்டாதாங்ல இந்த மூணுமே தலைகீழ். பொருள் ஒண்ணே ஒண்ணு. அது சேற்றுக்கு அடியில். பல வருஷமா சொல்லப்படும் ஒரு கணக்கு 25 அடி சேறு. சட்டப்படி அது தனியார் எடுத்துப்போகும் சாமானும் இல்ல. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்களைப் பாதுகாக்க மியான்மரில் 2015இல் தனிச் சட்டமே வந்திருக்கு. அதுக்கும் மேல, மங்கி பாயிண்ட் கடற்படைத் தளம் இருக்கிற இடம். 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் அந்தக் கரையில் வெளிநாட்டு பாஸ்போர்ட்டோட நாலு பேர் சோனார் பெட்டியை இறக்கினா என்ன ஆகும்னு நான் விளக்க வேண்டியதில்லை.

தண்ணியும் வேற. கூப்பர் ஆறு கறுப்பு, ஆனா துகள் கம்மி. விளக்கு அடிச்சா ரெண்டடி தெரியும். யாங்கூன் ஆறு போய்ச் சேரும் மார்த்தபான் வளைகுடா உலகத்திலேயே பெரிய நிரந்தரக் கலங்கல் பரப்புகளில் ஒன்று. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெரிய ஓதத்தில் கலங்கல் சுமார் 45,000 சதுர கிலோமீட்டருக்குப் பரவும். இடைப்பட்ட அஷ்டமி நாட்களில் சுமார் 15,000ஆகச் சுருங்கும். இதுல விளக்கு அடிச்சா, பனிமூட்டத்துல காரோட ஹை பீம் போட்ட கதைதான். ஒளி துகளில் பட்டுத் திரும்பி உங்க கண்ணுலயே அடிக்கும். எவ்வளவு விலை கொடுத்து கேமரா வாங்கினாலும் காசு தண்டம்.

கையால தேடினா எத்தனை நாள்?

சரி, அனுமதி கிடைச்சுதுன்னே வெச்சுக்குவோம். டைவர்களை மட்டும் வெச்சுத் தேடினா என்ன ஆகும்? நான் ஒரு கணக்குப் போட்டேன். எண்கள் என் அனுமானம்தான், உங்க இஷ்டப்படி மாத்திப் பாருங்க.

தேட வேண்டிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அதாவது 2,50,000 சதுர மீட்டர். ஒரு டைவர் அடியில் கட்டின கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் கையால துழாவி, ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தேடுறார். நிமிஷத்துக்கு 5 மீட்டர் நகர்றார். நிமிஷத்துக்கு ஏழரை சதுர மீட்டர்.

எப்ப வேணா இறங்க முடியாது. ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் இழுப்பு பயங்கரமா இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் தண்ணி நிற்கிற கொஞ்ச நேரம்தான் உங்களுக்கு. அது 40 நிமிஷம்னு வெச்சா ஒரு தடவைக்கு 300 சதுர மீட்டர். ஒரு நாளில் தண்ணி நாலு தடவை நிற்கும், பகல்ல ரெண்டு. ஆக ஒரு நாளைக்கு 600. மொத்தத்துக்கு 417 நாள். பெரிய ஓத நாட்களை விட்டுட்டா மாசத்துக்கு 10 நாள் தேறும். கிட்டத்தட்ட மூன்றரை வருஷம். அதுக்கு அப்புறமும் அவர் தொட்டது சேற்றின் மேல்பரப்பை மட்டும்தான். மணி அதுக்குக் கீழ 25 அடியில இருந்தா, அவர் அதுக்கு நேர் மேல தவழ்ந்து போயிருப்பார், தெரிஞ்சிருக்காது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்ல. 1990களில் ஜிம் பிளண்ட் என்ற அமெரிக்க ஆழ்கடல் டைவர் இந்த இடத்தில் நூறு தடவைக்கு மேல் இறங்கினார். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். சோனார் படங்களைக் கையில் வெச்சுக்கிட்டு இறங்கியவர். மணியை மேலே கொண்டுவர முடியல. 2014 ஆகஸ்டில் உள்ளூர்க் குழு ஒன்று பொதுமக்கள் நன்கொடையோடு இறங்கியது. படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு டைவர்கள் சேற்றுத் தண்ணியில் மூழ்கினார்கள். கரையில் ஆயிரக்கணக்கான ஜனம், பிரார்த்தனை, பூஜை. மணியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று குழு அறிவித்தது. ஆனா வெளியாள் சரிபார்க்கிற மாதிரி ஆதாரம் எதுவும் வரல. மணியும் வரல.

அந்த டைவர்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஒண்ணும் தெரியாத தண்ணியில ஒரு பிளாஸ்டிக் குழாயை நம்பி இறங்குறதுக்குத் துணிச்சல் வேணும். என் கேள்வி அறிவிப்பைப் பத்தித்தான். "கண்டுபிடிச்சோம்"னு சொல்ல என்ன வேணும்?

எந்தக் கருவி எதைப் பார்க்கும்

எபிசோட்ல நாங்க பேசின சைடு ஸ்கேன் சோனார் ஆற்றின் தரையை அழகாப் படம் பிடிக்கும். தரைக்குக் கீழே அதுக்குக் கண் இல்ல. உடைந்த படகு, நங்கூரம், தூக்கிப்போட்ட டயர் எல்லாம் தெரியும். புதைஞ்ச மணி தெரியாது.

சேற்றுக்குள் பார்க்க அடிப்படிவ சோனார்னு ஒண்ணு வேணும். குறைந்த அதிர்வெண் ஒலியைக் கீழே அனுப்பி, ஒவ்வொரு மண் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியை வரையும். மூணு மீட்டர் அகலக் கனமான பொருள் கிடந்தா திரையில் கீழ்நோக்கித் தொங்கும் மீசை மாதிரி ஒரு வளைவு விழும். சிக்கல் என்னன்னா, பெரிய பாறைக்கும் பழைய நீராவிக் கப்பலின் கொதிகலனுக்கும் அதே மீசைதான். இன்னொன்னு, டெல்டா சேற்றில் அழுகும் செடிகொடியிலிருந்து மீத்தேன் குமிழி வரும். ஒலி அந்தக் குமிழிப் படலத்தைத் தாண்டாது. திரையில் வெறும் கறுப்புப் போர்வை.

அடுத்தது மேக்னெட்டோமீட்டர். இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போவாங்க. அது இரும்பை மட்டும்தான் உணரும். மணி வெண்கலம். 294 டன் வெண்கலத்துக்கு மேல இழுத்துக்கிட்டுப் போனாலும் முள் அசையாது. அசைஞ்சா அது கப்பல் ஆணி, சங்கிலி, பீரங்கி.

வெண்கலத்தை உணர பல்ஸ் இண்டக்‌ஷன் வகை மெட்டல் டிடெக்டர் வேணும். பெரிய கம்பிச் சுருளை ஆற்றடியை ஒட்டி இழுக்கணும். எந்த உலோகமா இருந்தாலும் பதில் சொல்லும், ஆனா சில மீட்டர் ஆழம்தான் எட்டும்.

இப்ப மூணையும் ஒண்ணா வையுங்க. அடிப்படிவ சோனார் "இங்க ஒண்ணு இருக்கு" என்கணும். டிடெக்டர் "அது உலோகம்" என்கணும். மேக்னெட்டோமீட்டர் வாயைத் திறக்கக் கூடாது. மூணும் ஒரே இடத்தில் ஒத்துப்போனா, அப்பதான் அது வெண்கலமா இருக்க வாய்ப்பு. டி பிரிட்டோவின் கப்பலும் பக்கத்துலயே கிடந்து, அதுல இரும்பு இருந்தா இந்தத் தர்க்கமும் குழம்பும். அதனால அடுத்த படி: நீர் பீச்சும் நீளக் குழாயைச் சேற்றில் இறக்கி "டங்"னு தட்டுதான்னு பார்ப்பது. அப்புறம் ஒரு துணுக்கு உலோகம் சுரண்டி, செம்பும் வெள்ளீயமும் எந்த விகிதம்னு எக்ஸ் கதிர்க் கருவியில் பார்ப்பது. கடைசிப் படி, எழுத்து.

எழுத்து ஏன் முக்கியம்னா, ஆற்றடியில் வெண்கலம் வேற எதுவாவும் இருக்கலாம். தம்மசேதி கல்வெட்டுப் பிரியர். பெகுவில் அவர் பொறித்த கல்யாணி கல்வெட்டுகள் பாலியிலும் மோனிலும் இருக்கு. பால்பி பார்த்த எழுத்தும் அப்படி இருந்திருக்கலாம்னு நான் நினைக்கிறேன். ஒரு பொருள் யாருடையதுன்னு எழுத்துதான் கடைசியில் சொல்லும். நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன வெண்கலப் பாத்திரம் ஞாபகம் இருக்கா? 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தது. அது உடைந்த கப்பல் மணி. ஓரத்தில் இருந்த தமிழ் எழுத்தை வெச்சுத்தான் முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பலுடையதுன்னு தெரிஞ்சது. இப்போ வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கு. 13 சென்டிமீட்டர் மணிக்கே எழுத்து இல்லன்னா முகவரி இல்ல.

294 டன் நிஜமா?

எந்த அளவுப் பொருளைத் தேடுறோம்னு தெரியாம கருவியை அமைக்க முடியாது. அதனால இந்த எண்ணையும் சோதிச்சே ஆகணும்.

பழைய குறிப்பின்படி மணி 12 முழம் உயரம், 8 முழம் அகலம். பர்மிய முழம் சுமார் 46 சென்டிமீட்டர். அப்ப உயரம் ஐந்தரை மீட்டர், அகலம் 3.7 மீட்டர். அந்த அளவில் ஒரு உருளையை வெண்கலத்தாலேயே அடைச்சு வார்த்தா சுமார் 500 டன் வரும். 294 டன் ஆகணும்னா அந்த உருளையில் பாதிக்கு மேல் திட உலோகமா இருக்கணும். மணி உள்ளே கூடு, மேலே போகப்போகக் குறுகும். பாதிக்கு மேல் உலோகமா இருந்தா அது அடிச்சா ஒலிக்காது, தூண் மாதிரி நிற்கும்.

ஒப்பிட்டுப் பாருங்க. மாஸ்கோவில் இருக்கும் ஜார் மணி 6.6 மீட்டர் அகலம், 6.1 மீட்டர் உயரம். எடை சுமார் 200 டன். மண்டலே பக்கம் மிங்குன் மணி கிட்டத்தட்ட 5 மீட்டர் அகலம், எடை 90 டன். இவங்க ரெண்டு பேரையும் விட ஒல்லியான மணி 294 டன் எப்படி இருக்கும்? எடை மிகையா இருக்கலாம், முழக் கணக்கு தப்பா இருக்கலாம். ரெண்டுல ஒண்ணு இடறுது. என் ஊகம் எடைதான். அரசரின் காணிக்கையைச் சொல்லும்போது எண் கொஞ்சம் வளர்றது நம்ம கோயில் கதைகள்லயும் நடக்கிறதுதானே.

இதனால மணியின் மதிப்பு குறையாது. நூறு டன்னா இருந்தாலும் பால்பி வாய் பிளந்திருப்பார். ஆனா தேடுறவர் 294ஐ நம்பி சின்ன எதிரொலிகளை எல்லாம் ஒதுக்கித் தள்ளினா, நிஜ மணியையே தாண்டிப் போயிடலாம்.

மூங்கில் கட்டித் தூக்கின மணி

இதே ஆற்றில் மூழ்கின இன்னொரு மணி மேலே வந்திருக்கு. 1778 வாக்கில் சிங்கு மின் அரசர் கொடுத்த மகா கந்தா மணி, சுமார் 23 டன். முதல் ஆங்கில–பர்மியப் போரின்போது, 1825இல், ஆங்கிலேயர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக முயன்றார்கள். அதுவும் ஆற்றில் விழுந்தது. அவர்களால் தூக்க முடியவில்லை. உள்ளூர் ஆட்கள் மூழ்கிப் போய் மணிக்கு அடியில் மூங்கில் மூங்கிலாகக் கட்டி மிதக்க வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இன்று அந்த மணி ஷ்வேடகோனில் தொங்குகிறது.

கணக்கு ஒத்துவருதான்னு பார்த்தேன். 23 டன் வெண்கலம் தண்ணிக்குள் சுமார் 20 டன் எடை காட்டும். 10 சென்டிமீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளம் உள்ள ஒரு மூங்கில் ஏறக்குறைய 28 கிலோவைத் தூக்கும்னு வெச்சா, எழுநூறு, எழுநூற்றி ஐம்பது மூங்கில் போதும். நடக்கக்கூடிய காரியம்தான். வற்றத்தில் கட்டிட்டு ஏற்றத்துக்குக் காத்திருந்தா மிச்ச வேலையை ஆறே பார்த்திருக்கும்.

எனக்கு இதுல பிடிச்சது இதுதான்: அவங்களுக்கு மணி எங்கே விழுந்ததுன்னு தெரியும். விழுந்து ரொம்ப நாள் ஆகல, சேறு மூடல. ஓதம் எப்ப நிற்கும்னு பழக்கத்தில் தெரியும். நமக்கு இன்று கருவி இருக்கு, இடம் தெரியல. நானூறு வருஷத்தில் ஆறு நகர்ந்திருக்கு, கரை மாறியிருக்கு. மணி கிடக்கும் இடம் இப்போ தண்ணிக்குக் கீழதானா, கரைக்குக் கீழயான்னுகூட உறுதியாச் சொல்ல முடியாது.

குழுவா இறங்குறதுன்னா என்ன

இதுக்கு நடுவில் ஒண்ணு சொல்லணும். கூப்பர் ஆற்றோ, வேற கலங்கல் ஆறோ, நண்பர்களோடு கிளம்புற எல்லாருக்கும் இது.

தெளிந்த கடலில் "ஜோடியா இறங்கு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கோ"ன்னு சொல்லித் தருவாங்க. கலங்கலில் உங்க ஜோடி ரெண்டடி தள்ளி மூச்சுத் திணறினாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால தொழில்முறை ஆட்கள் முறையையே மாத்திடுவாங்க. ஒருத்தர் மட்டும் கீழே. காற்று மேலிருந்து குழாய் வழியா. கூடவே பேச ஒரு கம்பி, ஒரு உயிர்க்கயிறு. கயிற்றைப் பிடிக்கிற ஆள் அதை விட்டு வேற எதையும் தொட மாட்டார். முழு உடையோட இன்னொரு டைவர் படகில் தயாரா உட்கார்ந்திருப்பார். முகம் முழுக்க மூடின மாஸ்க், ஏன்னா துறைமுகத் தண்ணியில் ஊர்ச் சாக்கடையும் இருக்கு. கையில் வலை அறுக்கக் கத்தி, ரெண்டு. மேலே கப்பல் போக்குவரத்தைக் கவனிக்க ஒரு ஆள். பக்கத்து அழுத்த அறை எங்க, எத்தனை மணி நேரம் ஆகும்னு முதல் நாளே தெரிஞ்சிருக்கணும்.

ஆக ஒருத்தர் இறங்க மேலே குறைஞ்சது நாலு பேர். உங்க நாலு பேர் குழுவில் நாலு பேருக்கும் இறங்கத்தான் ஆசை. கயிறு பிடிக்க யாரு? "இன்னிக்கு வேண்டாம், திரும்பலாம்"னு சொல்ற அதிகாரம் யாருக்கு? அந்தப் பேரைக் கரையிலேயே எழுதி வெச்சிட்டுக் கிளம்புங்க. டிக்கெட் போட்டு, லீவு போட்டு, இவ்வளவு தூரம் வந்த பிறகு திரும்பலாம்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும்.

அப்ப என் பதில்

போட்டாதாங்ல இறங்காதீங்க. அனுமதி இல்லாம இறங்கினா உங்களுக்கு ஆபத்து. உங்களை நம்பிப் படகு கொடுக்கிற உள்ளூர்க்காரருக்கு அதை விடப் பெரிய ஆபத்து. நீங்க விமானம் ஏறிடுவீங்க, அவர் அங்கேயேதான் இருக்கணும்.

கிடைச்சா மட்டும் என்ன? நானூறு வருஷமா காற்று படாத சேறுதான் அந்த வெண்கலத்தைக் காப்பாத்திட்டு வருது. உப்புத் தண்ணி ஊறின வெண்கலத்தைத் திடீர்னு வெளியே எடுத்து வெச்சா, குளோரைடு வேலை செஞ்சு பச்சைப் பொடியா உதிர ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் ஊறவெச்சு உப்பை இறக்கணும். அந்தப் பொறுப்பை ஏற்க ஒரு கூடமும், நம்பிக்கையான ஒரு நிர்வாகமும் வேணும். அதோட, எந்த ஆட்சி அதைத் தூக்குதோ அந்த ஆட்சி தன்னைத் தம்மசேதியின் வாரிசுன்னு சொல்லிக்கும். இன்னிக்கு யாருக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கப் போறோம்னு யோசிச்சா, மணி இன்னும் கொஞ்ச காலம் கீழேயே இருக்கட்டும்னு எனக்குத் தோணுது.

ஆனா சும்மா இருங்கன்னு சொல்ல வரல. இந்தத் தேடலில் யாருமே இறங்காம செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கு. ஆங்கிலேயர் காலத்துத் துறைமுக வரைபடங்கள் பல நூலகங்களில் இருக்கு. அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி, முனையும் கரையும் பத்தாண்டுக்கு எவ்வளவு நகர்ந்ததுன்னு வரையலாம். அதுக்கு வேண்டிய மென்பொருள் இலவசம். சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். கலங்கல் எந்த மாசத்தில், எந்தத் திதியில் குறையுதுன்னு உங்க லேப்டாப்லயே பார்க்கலாம். 500 மீட்டர் சதுரத்தை 200 மீட்டராக் குறைச்சா, மேலே சொன்ன 417 நாள் 67 ஆகுது. என்னிக்காவது நல்ல காலம் வந்து, அந்த ஊர் ஆட்களே முறைப்படி தேடினா, அவங்க கையில் நாம கொடுக்கக்கூடிய உருப்படியான உதவி அதுதான்.

டைவிங் ஆசைக்குக் கூப்பர் ஆறு இருக்கவே இருக்கு. லைசென்ஸோட போங்க, கணக்கு எழுதிக் கொடுங்க. பாட்டி உயிரோட இருந்தா, அவங்க யாங்கூனில் எந்தத் தெருவில் இருந்தாங்க, ஆறு எவ்வளவு தூரத்தில் இருந்ததுன்னு கேட்டுப் பதிவு பண்ணி அனுப்புங்க. கரை எங்க இருந்ததுங்கிறதுக்கு அதுவும் ஒரு தரவுதான்.

பழைய வரைபடம் பொருத்துற வேலையில் சேர விருப்பம் உள்ளவங்க இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்க. அஞ்சு பேர் சேர்ந்தா ஒரு தனி எபிசோடே பண்ணிடலாம். அடுத்த வாரம் கடலடிக் கேபிள் எப்படி ரிப்பேர் பண்றாங்கன்னு பார்ப்போம்.